டிப்ளமோவின் முதல் பருவம்: கணக்கிலும் டிராயிங்கிலும் உடனிருந்து உதவ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தால் பழைய வடஆற்காடு முழுவதும், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பிளஸ் ஒன் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கில் போடுவதா? எந்தப் பிரிவுக்கு மவுசு, எந்தக் கல்லூரியில் இடம், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் நாளிதழ்களில் நிறையவே வருகிறது. சேர்ந்த பிறகு முதல் ஐந்து மாதத்தில் பிள்ளை எதை எதிர்கொள்ளப் போகிறான் என்பதை யாரும் எழுதுவதில்லை. டிப்ளமோவில் தடுமாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் முதல் பருவத்திலேயே, கணக்கு, டிராயிங் என்ற இரண்டே பாடங்களில்தான் விழுகிறார்கள். அங்கே விழாமல் தாங்கிப் பிடிப்பது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் கல்லூரி முதல்வர்களும் இந்த ஆண்டே தொடங்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

பணம் இன்று முன்போலப் பெருந்தடை அல்ல. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. டிப்ளமோவுக்கும் இது உண்டு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகைக்குத் தேர்வாகும் மாணவிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அரசு பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பஸ் பாஸ் இலவசம். பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் லுங்கித் தறி வீட்டிலிருந்தும் பிள்ளைகள் தயங்காமல் வந்து சேர்கிறார்கள். வந்தவர்கள் எங்கே நழுவுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டும் சேர்ந்தால் 30. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றைச் சரியாகப் போட்டால் 35. இயற்கணிதத்தை ஏறக்குறையத் தொடாமலே ஒரு மாணவன் தேறிவிட முடியும். பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டோம். கரையேற முடியாத பிள்ளையைக் கரையேற்ற அவர்கள் கண்ட வழி அது. ஆனால் அதே பிள்ளை டிப்ளமோ முதல் ஆண்டில் அணிக்கோவை, கிராமரின் விதி, ஈருறுப்புத் தேற்றம், கலப்பெண்கள், கூட்டுக் கோணங்கள், நேர்மாறு முக்கோணவியல், வகைக்கெழு என்று பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் இரண்டு ஆண்டு எடுத்துப் படிப்பதன் பெரும்பகுதியை ஒரே ஆண்டில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், விழுங்க வேண்டியிருக்கிறது.

விடைத்தாள்களைப் பார்த்தால் புதுப் பாடம் புரியாமல் போனவர்கள் குறைவு. பழைய பாடத்தின் ஓட்டைதான் புதுப் பாடத்தில் ஒழுகுகிறது. 3 × 3 அணிக்கோவையை விரிக்கும்போது குறிகள் கூட்டல், கழித்தல், கூட்டல் என்று வரும்; அது எல்லோருக்கும் மனப்பாடம். முதல் வரிசை 2, −3, 1 என்று இருந்தால் நடு உறுப்பு −(−3), அதாவது +3 ஆக மாறி அதன் சிற்றணிக்கோவையோடு பெருக வேண்டும். அந்த இடத்தில்தான் பலரும் −3 என்றே எழுதிவிடுகிறார்கள். அணிக்கோவை தெரியாததால் வந்த தவறு அல்ல இது. ஏழாம் வகுப்புக் கழித்தல் குறி. கிராமரின் விதியில் நான்கு அணிக்கோவைகளை மதிப்பிட வேண்டும்; மற்ற மூன்றையும் வகுக்கும் முதல் அணிக்கோவையில் ஒரு குறி பிசகினால் x, y, z எதுவும் தேறாது. கிடைத்த விடையை மூன்று சமன்பாடுகளிலும் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிட்டால் பாதித் தவறுகளை மாணவரே பிடித்துவிடுவார்.

கலப்பெண்ணில் −1 + i-க்கு வீச்சு கேட்டால் கால்குலேட்டர் −45° காட்டும். புள்ளி இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது, விடை 135°. படம் போட்டுப் பார்க்காதவர் கால்குலேட்டரை நம்பி மதிப்பெண்ணை இழப்பார். அந்தக் கால்குலேட்டரே ரேடியன் முறையில் இருந்துவிட்டால் கதை இன்னும் மோசம்: sin 30 என்று தட்டினால் 0.5 வர வேண்டிய இடத்தில் −0.988 வரும். தேர்வறையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக sin 30 தட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும். முக்கோணவியலில் sin (A + B) என்பதை sin A + sin B என்று பிரிப்பவர்களிடம் 'தவறு' என்று சொல்லி நகர்ந்தால் போதாது. 60, 30 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். sin 90 என்பது 1. Sin 60 + sin 30 என்பது 1.366. ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்த்தவர் மறுபடி அந்தத் தவறைச் செய்வது அரிது. வகைக்கெழுவில் (3x + 2)⁵ என்பதற்கு 5(3x + 2)⁴ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் 3x-இன் வகைக்கெழு 3-ஆல் பெருக்கினால்தான் 15(3x + 2)⁴ கிடைக்கும்.

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு ஒரு நல்ல வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகம் தமிழில் இருக்கிறது. முக்கோணவியலும் ஈருறுப்புத் தேற்றமும் அதன் முதல் தொகுதியில். அணிக்கோவையும் வகை நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில். கிராமரின் விதி, கலப்பெண், நேர்மாறு முக்கோணவியல் மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பு முதல் தொகுதியில். கல்லூரியில் அந்த வாரம் நடக்கும் தலைப்பை முந்தின இரவு தமிழில் ஒருமுறை படித்துவிட்டுப் போனால் வகுப்பில் ஆங்கிலம் மிரட்டாது. கல்லூரி நூலகத்தில் இந்த மூன்று தொகுதிகளையும் பத்துப் பத்துப் படி வாங்கி வைப்பது பெரிய காரியமா?

அடுத்தது டிராயிங். இதை 'கைத்திறன் இருந்தால் வரும்' என்று நினைக்கிறார்கள். அப்படியே ஒதுங்கியும் விடுகிறார்கள். டிராயிங்கில் அழகு கடைசியில்தான். முதலில் வேண்டியது அளவு.

குவியம் என்ற புள்ளிக்கும் இயக்குவரை என்ற நேர்கோட்டுக்கும் இடையே 50 மி.மீ., மையத்தொலைத்தகவு 2/3 என்று கொடுத்து நீள்வட்டம் வரையச் சொல்வார்கள். 50 மி.மீ.யை ஐந்து சம பாகமாகப் பிரிக்க வேண்டும். வளைகோட்டின் முனை குவியத்திலிருந்து 2 பாகம், அதாவது 20 மி.மீ.; இயக்குவரையிலிருந்து 30 மி.மீ. குவியத் தூரத்தை இயக்குவரைத் தூரத்தால் வகுத்தால் 20/30, அதுதான் 2/3. அவசரத்தில் இதைத் திருப்பிப் போட்டுக் குவியத்திலிருந்து 30 மி.மீ. வைப்பவர்கள் ஏராளம். தகவு 3/2 ஆகி, ஒன்றைத் தாண்டிவிடும். வரைவது நீள்வட்டம் அல்ல, அதிபரவளையம். வளைகோடு மூடவே மூடாது. மாணவர் முக்கால் மணி நேரம் புள்ளி வைத்து, வளைவு மூடாததைப் பார்த்துத் தன் கையைக் குறை சொல்லிக்கொள்வார். பிழை கையில் இல்லை, முதல் புள்ளியில் இருக்கிறது. முனை இயக்குவரையைவிடக் குவியத்துக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போகச் சொன்னால் போதும்.

முப்பரிமாணப் பொருளை முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றமாகப் பிரிப்பதில் இன்னொரு குழப்பம். நம் பாடத்தில் முதல் கோண வீழல்: மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், இடப்பக்கத் தோற்றம் வலப்பக்கத்தில் வரும். இணையத்தில் மாணவர்கள் பார்க்கும் அமெரிக்கப் பாட வீடியோக்களில் மூன்றாம் கோணம், எல்லாம் நேர்மாறு. ஜப்பான், கொரியா வரைபடங்களும் மூன்றாம் கோணத்தையே பின்பற்றுபவை. அந்நாட்டு நிறுவனங்கள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர், முதல் கோணமா மூன்றாம் கோணமா என்று காட்டும், தலைப்புக் கட்டத்தில் இருக்கும் வெட்டுக்கூம்புக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் படத்தை வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கத் துளை வலப்பக்கம் விழும், பொருள் ஸ்கிராப். இந்தக் காரணத்தைச் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் அந்தப் பாடத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

தாளில் இடம் போதாமல் போவது மற்றொன்று. 100 மி.மீ. நீளம், 50 அகலம், 60 உயரமுள்ள பொருள் என்றால் நெடுக்கில் 60 + 50, நடுவே அளவுக்கோடு எழுத 40, மொத்தம் 150 மி.மீ. கிடையில் 100 + 40 + 50, மொத்தம் 190. இந்த இரண்டு கூட்டலைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்ட பிறகே முதல் கோடு போட வேண்டும். போடாதவருடைய மேல்தோற்றம் தலைப்புக் கட்டத்தின் மேல் ஏறிவிடும். அப்புறம் அழித்து அழித்துத் தாளே கிழியும்.

கருவி விஷயமும் உண்டு. டிராயிங் பலகையில் பொருத்தும் இரட்டை ஸ்கேல் கருவியான மினி டிராஃப்டரை அண்ணன் அக்காவிடமிருந்தோ சீனியரிடமிருந்தோ வாங்கி வருகிறார்கள், தவறில்லை. ஆனால் அதன் இரண்டு ஸ்கேல்களும் செங்கோணத்தில் இருக்கின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை. கிடைக்கோடு 80 மி.மீ., நெடுக்கோடு 60 மி.மீ. வரைந்து மூலைவிட்டத்தை அளந்தால் சரியாக 100 வர வேண்டும். 101 வந்தால் ஏறக்குறைய 1.2 டிகிரி கோணல், 100 மி.மீ. கோட்டில் 2.1 மி.மீ. விலகிப்போகும். ஸ்கேல் பிடிப்பின் திருகைத் தளர்த்தி மூலைமட்டத்தை வைத்துச் சரிசெய்து இறுக்கினால் தீர்ந்தது. பென்சில் 2H கட்டுமானக் கோட்டுக்கு, H அல்லது HB வெளிக்கோட்டுக்கு. ஒரே HB-யால் எல்லாம் போடுபவருடைய தாள் அரைமணியில் கரியாகிவிடும்.

பட்டறையில் இவ்வளவு சிக்கல் இல்லை. ஃபிட்டிங்கில் ஹேக்சா பிளேடின் பற்கள் முன்நோக்கி இருக்க வேண்டும், கோட்டின் மேலேயே அறுக்காமல் அரத்துக்கு ஒரு மி.மீ. விட வேண்டும், அரம் ஓட்டும்போது மணிக்கட்டு ஆடினால் பரப்பு நடுவில் மேடாகும். இவற்றைப் பட்டறை ஆசிரியர்கள் நன்றாகவே கற்றுத் தருகிறார்கள். செய்துகாட்டி, பக்கத்தில் நின்று, அந்த இடத்திலேயே திருத்துகிறார்கள். கணக்குக்கும் டிராயிங்குக்கும் நாங்கள் கேட்பதும் அதே முறைதான்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர்க் கல்லூரிகளில் இரண்டாண்டு அசோசியேட் டிகிரி படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு சேர்கிறார்கள். நம் டிப்ளமோ மாணவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதற்கு உறவான ஏற்பாடு. அங்கே பொறியியல் பிரிவில் கால்குலஸ் மூன்று பாடங்கள், வகைக்கெழுச் சமன்பாடு, இயற்பியல், நிலையியல் என்று ஒன்றைத் தேறினால்தான் அடுத்தது. கணக்கில் பின்தங்கியவர்களை அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார வைத்தார்கள். பலன் என்னவென்றால், ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்து, முதல் கால்குலஸ் வகுப்பை எட்டுவதற்குள்ளேயே பலர் படிப்பை விட்டார்கள். கலிஃபோர்னியா 2017-இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: உரிய காரணமில்லாமல் மாணவரை அடிப்படை வகுப்பில் தேக்கி வைக்காதே, நேராகப் பாடத்தில் சேர், தேவையானவருக்கு உதவி வகுப்பைக் கூடவே நடத்து. நம்மிடம் நிலைமை வேறு. முதல் பருவக் கணக்கில் அரியர் வைத்தவரும் இரண்டாம் பருவக் கணக்கில் உட்காரலாம். அதனால் தேக்கம் இல்லை. ஆனால் அடி தளர்ந்திருக்கும்போதே மேல்தளம் எழும்புகிறது. 'கூடவே உதவி' என்ற அந்தப் பாதியைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரியர் விழுந்த பிறகு தேர்வுக்கு முன் பத்து நாள் 'கோச்சிங்' வைப்பதால் முக்கியக் கேள்விகளை மனப்பாடம் செய்வார்களே தவிர, கழித்தல் குறி சரியாகாது. கல்லூரி திறந்த முதல் வாரமே 40 நிமிடத் தேர்வு ஒன்று வைக்கலாம். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான 20 கேள்விகள் போதும்: பின்னம், குறிகள், அடைப்பு நீக்கல், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றல், அடுக்குக்குறி, 0 முதல் 90 வரை முக்கோணவியல் மதிப்புகள், மி.மீ., செ.மீ. மாற்றம். மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது. இன்டர்னலில் சேர்க்கக் கூடாது. யாருக்கு எது தெரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும்.

பிறகு வாரம் இரண்டு மணி நேரம் துணை வகுப்பு. அந்த வாரப் பாடத்துக்கு எந்தப் பழைய பாடம் தேவையோ அதை மட்டும், அந்த வாரமே, முன்கூட்டி. அணிக்கோவை வாரத்தில் குறிகளும் அடைப்பும். கலப்பெண் வாரத்தில் நான்கு கால்பகுதிகள். வகைக்கெழு வாரத்தில் 1/x² என்பதை x⁻² என்றும் √x என்பதை x-இன் அரை அடுக்கு என்றும் எழுதும் பழக்கம். டிராயிங்குக்கு மரக்கட்டை மாதிரிகளைக் கையில் கொடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கவிட்டு மூன்று தோற்றங்களையும் வெறுங்கையால் வரையச் சொல்வது. ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் வேண்டாம். கூடினால் பக்கத்தில் நின்று திருத்த முடியாது.

இந்த வகுப்பு மாலை 4 மணிக்கு மேல் இருக்கவே கூடாது. ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, ஜவ்வாதுமலை அடிவார ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டால் வீடு சேர இரவாகும். அந்தக் கவலையில் உட்கார்ந்திருப்பவர் காதில் எதுவும் ஏறாது. பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள். யாருக்கு வகுப்பு மிக அவசியமோ அவர்களே வராமல் போவார்கள். அட்டவணைக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும்.

டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். பிளஸ் டூ முடித்து வருபவருக்குக் கணக்கு தெரியும். முதல் ஆண்டு டிராயிங்கும் பட்டறையும் அவர் பார்த்ததே இல்லை. ஐ.டி.ஐ. முடித்து வருபவர் அரமும் லேத்தும் பழகியவர், வரைபடம் வாசிப்பார்; வகைக்கெழு அவருக்குப் புதிது. இருவரும் மூன்றாம் பருவத்தில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். முதல் மாதத்தில் இவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவருக்கு 30 மணி நேர டிராயிங்கும் மற்றவருக்கு 30 மணி நேரக் கணக்கும் கொடுத்தால், மீதியை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

டிப்ளமோ முடித்து பி.இ. போக நினைப்பவரின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர் பி.இ. முதல் ஆண்டுக் கணக்கைப் படிப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கல், சிவில் போன்ற பிரிவுகளின் மூன்றாம் பருவத்தில் உருமாற்றங்களும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் காத்திருக்கின்றன. டிப்ளமோவில் படித்த வகையிடலும் தொகையிடலும்தான் அங்கே கையிருப்பு. வேலைக்குப் போவதானாலும் ரயில்வே ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்கு டிப்ளமோ சான்றிதழ் வேண்டும். 2019 விதிப்படி டிப்ளமோ அப்ரன்டிஸுக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்த உதவித்தொகையைப் பெறவும் அது வேண்டும். ராணிப்பேட்டை பெல், சிப்காட், அரக்கோணம் பக்கத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் கண்ணெதிரே இருக்க, முதல் பருவக் கணக்கு ஒன்று பாக்கி என்பதற்காகச் சான்றிதழ் கைக்கு வராமல் நிற்கும் பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

சேர்க்கை முடிந்து வகுப்பு தொடங்குவதற்குள் அந்த 20 கேள்வித் தாளை ஒவ்வொரு கல்லூரியின் கணக்கு, டிராயிங் ஆசிரியர்களும் உட்கார்ந்து ஒரே நாளில் தயாரித்துவிடலாம். இயக்ககத்தின் சுற்றறிக்கை வந்தால் அட்டவணையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது முதல்வர்களுக்கு எளிதாகும். சுற்றறிக்கை வரத் தாமதமானால், கல்லூரி அளவிலேயே ஒரு பிரிவில் மட்டும் தொடங்கி, நவம்பர் தேர்வு விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு மற்றப் பிரிவுகளுக்கு விரிக்கலாம்.

இப்படிக்கு,
பாலிடெக்னிக் ஆசிரியர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.